ஹார்மோன் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? மணியைப் பார்த்துவிட்டுப் போங்கள்

"ஏ தம்பி, காலைல ஒரு ரத்தம், சாய்ங்காலம் வேற ரத்தமா ஓடுது எனக்கு?"

அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது இது. கையில் டாக்டர் சீட்டு. அதில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பெயரை எழுதி, பக்கத்திலேயே காலை 8 மணி என்று வட்டம் போட்டிருக்கிறது. அவர் வந்து நின்றதோ மத்தியானச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடித்து நாலு மணிக்கு. பாளையங்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு, இப்படி வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். "அண்ணாச்சி, நாளைக்குக் காலைல வாங்க" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் காசு போச்சு, ஒரு நாள் வேலை போச்சு, வராமல் என்ன செய்யும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் 'ஆமாம்' என்பதுதான். ஹார்மோனைப் பொறுத்தவரை காலையில் ஓடுவது ஒரு ரத்தம், சாயங்காலம் ஓடுவது வேறு ரத்தம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு இடத்தில், ஒரு அக்காவுக்கு மத்தியானம் மூன்றரைக்கு ரத்தம் எடுத்தேன். எடுத்த நேரத்தை எழுதவில்லை. கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்று வந்தது. சாயங்காலத்துக்கு அது சாதாரண எண். காலை எட்டு மணி ரத்தம் என்று நினைத்துப் பார்த்தால் அதே 6 டாக்டரின் புருவத்தை உயர்த்தும். உயர்த்தியது. அந்த அக்கா ஒரு வாரம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியில் என்னவோ கோளாறு என்று பயந்துகொண்டு திரிந்து, திரும்பக் காலையில் கொடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கோளாறு என் பேனாவில்தான்.

சரி, ஏன் இப்படி மாறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் எந்த டெஸ்ட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதை மனப்பாடம் பண்ண வேண்டாம்.

தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். மேலே பாபநாசத்தில் தண்ணீர் திறக்கிறார்கள், கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். கடைமடையில் குளம் நிறைந்துவிட்டது, போதும் என்று போன் போட்டு மேலே அடைக்கச் சொன்னாலும், வழியில் இருக்கிற தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் குளம் வற்றி, திறந்துவிடுங்கள் என்று சொன்னாலும் வந்துசேர நேரம் ஆகும். இந்தத் தாமதம் இருக்கிறவரை குளம் ஒரே மட்டத்தில் நிற்காது, ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். தாமதமே இல்லாமல் மாடி டேங்க் மிதவை மாதிரி உடனுக்குடன் அடைத்தால் ஒரே மட்டத்தில் நின்றுவிடும், அங்கே கடிகாரம் கிடையாது.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடப்பது இதேதான். க்ளாக், பிமால்1 என்று இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து டிஎன்ஏயில் சிஏசிஜிடிஜி என்ற ஆறெழுத்து உள்ள இடத்தில் போய் உட்காரும். உட்கார்ந்தால் அதை ஒட்டிய மரபணு வேலை செய்யத் தொடங்கும், அதாவது மடை திறக்கிறது. அப்படித் திறக்கிற மரபணுக்களில் முக்கியமானவை பீரியட், க்ரிப்டோக்ரோம் என்ற இரண்டு வகை. இவற்றிலிருந்து புரதம் தயாராகி, செல்லுக்குள்ளேயே உட்கருவுக்கு வெளியே மெல்ல மெல்லச் சேர்ந்து, ஜோடி போட்டுக்கொண்டு உட்கருவுக்குள் திரும்பிப் போய், தங்களைத் திறந்துவிட்ட அந்த க்ளாக், பிமால் ஜோடியையே அடக்கும். மடை அடைபடுகிறது. அப்புறம் இந்தப் புரதங்கள் சிதைக்கப்பட்டுக் குறையும், அடக்க ஆள் இல்லை, மடை திரும்பத் திறக்கும். நடுவில் கேசீன் கைனேஸ் என்ற நொதி பீரியட் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி, அது எவ்வளவு சீக்கிரம் சிதைய வேண்டும் என்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரு சுற்று முடிய மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்தைத் தினமும் காலை வெயில் சரிபண்ணிவிடும்.

பீரியட் மரபணுவைப் பழ ஈயில் 1971-இல் கண்டுபிடித்தவர்கள் கொனோப்காவும் பென்சரும். அது வேலை செய்யும் விதத்தைப் பிரித்துக் காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு. ஈக்குச் சொன்னது நமக்குப் பொருந்துமா என்று கேட்டால், மனிதர்களின் பீரியட்2 மரபணுவில் ஒரே ஒரு இடம் மாறிப்போன ஒரு குடும்பத்தைப் பற்றி 2001-இல் எழுதினார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் ஏழரைக்கெல்லாம் கண் சொக்கும், விடிகாலை நாலரைக்குத் தானாக விழிப்பு வரும். நம்ம ஊரில் பிறந்திருந்தால் யாரும் மரபணுவைத் தேடியிருக்க மாட்டார்கள், தினமும் நெல்லையப்பர் கோயில் விடிகாலைப் பூஜையான திருவனந்தலுக்கு முதல் ஆளாய் நிற்கிற பக்திமான் என்று பெயர் கொடுத்திருப்பார்கள். இந்தக் கால உயிரியல் நமக்கு அந்நியமும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய ஆட்களும் குகை வௌவால்களை வைத்துச் செய்த ஆய்வு இன்றைக்கும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. இருட்டுக் குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால்கூட, மற்ற வௌவால்கள் கிளம்பிப் போய் வருகிற நேரத்தைப் பிடித்துக்கொண்டு அதன்படி ஓடியாடும்.

இப்போது கார்ட்டிசாலுக்கு வருவோம். மூளையில் கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு புள்ளி இருக்கிறது. தலைமைக் கடிகாரம் அதுதான். அது மூளையின் ஹைப்போதலமஸ் என்ற பகுதிக்குச் சொல்ல, ஹைப்போதலமஸ் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை விட, அது போய் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பியைத் தட்டினால் கார்ட்டிசால் வரும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அட்ரினல் வெறும் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஆள் கிடையாது. அதற்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. கார்ட்டிசால் செய்ய முதல் வேலை கொழுப்பை, அதாவது கொலஸ்ட்ராலை, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற உறுப்புக்குள் கொண்டுபோய்ப் போடுவது. அதைச் செய்கிற ஸ்டார் என்ற புரதத்தின் மரபணுவிலும் அதே மாதிரி கடிகாரப் புரதங்கள் உட்காரும் இடம் இருப்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதனால் ஏசிடிஎச் ஒரே அளவு வந்தாலும் எழுந்திருக்கும் வேளையில் சுரப்பி துள்ளிக்கொண்டு வேலை செய்யும், படுக்கும் வேளையில் சோம்பும். விளைவு: நடுராத்திரியில் கார்ட்டிசால் அடிமட்டம், விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே ஏறத் தொடங்கி, கண் விழித்து அரை மணி, முக்கால் மணியில் உச்சம், அப்புறம் நாள் முழுக்க இறக்கம்.

எனவே கார்ட்டிசாலுக்கு எட்டு மணி என்று எழுதியிருந்தால் எட்டு மணிக்கு வாருங்கள், ஏழிலிருந்து ஒன்பதுக்குள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முந்தின ராத்திரி வழக்கமான நேரத்துக்குப் படுங்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்து ஓடி வந்து மூச்சு வாங்க உடனே கையை நீட்டாதீர்கள், ஒரு கால் மணி உட்காருங்கள், ஊசிக்குப் பயந்தாலே இந்த ஹார்மோன் ஏறும். எழுந்த நேரத்தை எங்களிடம் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் அதையும் சொல்ல வேண்டும், அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டிவிடுவதால் மொத்த எண் பெரிதாகக் காட்டும். 'கேட்டா சொல்லலாம்' என்று இருக்காதீர்கள், காலை நெரிசலில் நாங்கள் கேட்க மறந்துவிடுவோம்.

சிலருக்கு டாக்டர் ராத்திரி 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம் மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்கச் சொல்வார். இது ஏன் என்று தெரியாமல் மாத்திரையைப் பத்து நிமிஷத்தில் வாந்தி எடுத்தவரும் உண்டு, "தூக்கம் வந்துட்டு, காலைல போட்டுக்கிட்டேன்" என்று வந்தவரும் உண்டு. இரண்டும் வீண். அந்த மாத்திரை ஒரு போலி கார்ட்டிசால். அது பிட்யூட்டரி செல்லுக்குள் போய், கார்ட்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, ஏசிடிஎச் தயாராகிற பிஓஎம்சி என்ற மரபணுவை அடக்கும். ராத்திரியே அடக்கிவிட்டால் விடிகாலை வர வேண்டிய ஏற்றம் வராது. உடம்பு சரியாக இருந்தால் காலையில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே போய்விடும். போகவில்லை என்றால் எங்கேயோ ஒரு சுரப்பி யார் பேச்சையும் கேட்காமல் ஓடுகிறது என்று டாக்டர் மேற்கொண்டு தேடுவார். அதே காரணத்துக்காகத்தான் ராத்திரி 11, 12 மணிக்கு எச்சிலை எடுத்துவரச் சொல்கிற டெஸ்ட்டும். நல்ல உடம்பில் அந்நேரம் குளம் வற்றிக் கிடக்கும். வற்றாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலிருந்து எதுவும் சாப்பிடவோ, பல் துலக்கவோ, வெற்றிலை போடவோ வேண்டாம். ஈறில் ரத்தம் கசிந்தால் அது எச்சில் டெஸ்ட் இல்லை, ரத்த டெஸ்ட்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டு வலிக்கு, மூச்சு இரைப்புக்கு என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில் பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. 'ரெண்டு நாள்ல எழுந்து நடக்க வச்சுட்டாரு' என்பார்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசால் மாதிரி வேலை செய்கிற மருந்து, கலந்திருப்பது பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். மாதக்கணக்கில் அது உள்ளே போனால் மேலே சொன்ன அதே பிஓஎம்சி மரபணு அடங்கியே கிடக்கும், ஏசிடிஎச் வராததால் அட்ரினல் சுருங்கும். பொடியைத் திடீரென்று நிறுத்தினால் சொந்தச் சுரப்பி உடனே எழுந்து வராது, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே விழுகிற நிலை வரலாம். டாக்டர் எழுதிய ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும்: சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள். காலையில் சாப்பிட்டபின் போடச் சொல்வதற்கும் கடிகாரமே காரணம், உடம்பின் சொந்த ஏற்றம் இருக்கிற நேரத்தில் போட்டால் அடக்குமுறை குறைவு, ராத்திரித் தூக்கமும் கெடாது. ரத்தம் கொடுக்க வரும்போது மாத்திரை, மூட்டில் போட்ட ஊசி, இழுக்கிற பம்ப், தோலில் பூசுகிற களிம்பு, பொடி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ப்ரெட்னிசலோனைப் பல கருவிகள் கார்ட்டிசால் என்றே எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும்.

மற்ற டெஸ்ட்டுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். தைராய்டுக்கான டிஎஸ்எச் ராத்திரியில் ஏறி, மத்தியானத்துக்குமேல் குறைந்திருக்கும். ஒரு தடவை காலை ஏழரைக்கும் அடுத்த தடவை சாயங்காலமும் கொடுத்துவிட்டு 'குறைஞ்சிருக்கு' என்று சந்தோஷப்பட வேண்டாம், எப்போது கொடுத்தாலும் ஒரே நேரத்தில் கொடுங்கள், அன்றைக்கு மாத்திரையை ரத்தம் கொடுத்தபின் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காதீர்கள், சில கருவிகளில் தைராய்டு எண்ணையே புரட்டிப்போடும். பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் தூக்கத்தில் ஏறுகிற ஹார்மோன், எழுந்த உடனே ஓடி வந்தால் அதிகமாகத்தான் இருக்கும், எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலை ஏழிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில். இளவட்டங்களுக்குக் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் அதிகம், வயது ஏற ஏற அது மட்டுப்படும். ஒரு தடவை குறைவாக வந்தால் அதை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது, இன்னொரு நாள் காலையில் திரும்பப் பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் தூங்கிய முதல் சில மணி நேரத்தில் பீறிட்டு வருவது, பகலில் சும்மா ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்க்கும் ஒரு பையன், வேலை முடிந்து நேரே எட்டு மணிக்கு வந்து டெஸ்டோஸ்டிரோனுக்குக் கை நீட்டினான். எட்டு மணிதான், ஆனால் அது அவனுடைய காலை இல்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்தவனுக்கு அது படுக்கும் நேரம், இந்த ஹார்மோனோ தூக்கத்தோடு சேர்ந்து ஏறுவது. "மக்கா, லீவு போட்டு ரெண்டு மூணு ராத்திரி ஒழுங்கா தூங்கிட்டு எழுந்து வா, டாக்டர்ட்டயும் ஷிப்டைச் சொல்லிரு" என்று அனுப்பினேன். கார்ட்டிசால் அதைவிடக் குழப்பம், ஏனென்றால் ஒரு வாரம் ராத்திரி வேலை பார்த்தாலும் தலைமைக் கடிகாரம் முழுசாகத் திரும்பாது, பாதி வழியில் நிற்கும். சீட்டில் 'நைட் ஷிப்ட், தூங்கியது இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை' என்று நீங்களே எழுதச் சொல்லுங்கள், அந்த ஒரு வரி எண்ணைவிட டாக்டருக்கு உதவும்.

கடிகாரத்தைத் திருப்புவது எப்படி என்று கேட்டான் அவன். வெளிச்சம்தான் முதல் கைப்பிடி. கண்ணின் பின்புறத்தில் பார்ப்பதற்கு அல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே மெலனாப்சின் கொண்ட செல்கள் இருக்கின்றன, நீல வெளிச்சத்துக்கு அதிகம் துடிப்பவை. அவை சேதி அனுப்பினால் தலைமைக் கடிகாரத்தில் பீரியட் மரபணு நேரங்கெட்ட நேரத்தில் திறக்கும், முள் நகரும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஒரு திருப்பம் உண்டு. அதற்கு முன்னால், அதாவது சாயங்காலமும் முன்ராத்திரியும், வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். அதற்குப் பின்னால் பட்டால் முன்னால் வரும். மெலடோனின் என்ற ராத்திரி ஹார்மோனும் இதில் சேர்த்தி. அது இருட்டுக்கடை அல்வா மாதிரி, பகலில் கேட்டால் கிடைக்காது. எலிகளில் அதைச் செய்யும் நொதியின் மரபணுவே ராத்திரியில் பல மடங்கு வேலை செய்கிறது. நமக்கு மரபணு அவ்வளவு மாறுவதில்லை, இருட்டில் அந்த நொதியைக் காப்பாற்றி, வெளிச்சம் பட்டதும் சிதைத்துவிடுகிறது உடம்பு. அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செல்போனை முகத்தருகே வைத்துப் பார்ப்பது நல்லதில்லை. தூங்க நினைக்கிறவர்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இருந்தே வெளிச்சத்தைக் குறையுங்கள், எழுந்ததும் அரை மணி வாசலில் நில்லுங்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற மேகமூட்டத்தில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கப் போகிறவர் இதற்கு நேர்மாறு, வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கெட்டியான துணி.

இரண்டாவது கைப்பிடி சாப்பாடு. கல்லீரலின் கடிகாரம் வெயிலைவிடச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அதிகம் கட்டுப்படும். நடுராத்திரியில் பரோட்டாவும் சால்னாவும் போனால் மூளை ராத்திரி என்கும், கல்லீரல் மத்தியானம் என்கும், சர்க்கரை ஏறி நிற்கும். பரோட்டாவை விடச் சொல்லவில்லை, எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள் என்கிறேன்.

கடைசியாக, ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்குமுன் நேரத்தைப் பாருங்கள். அதில் இரண்டு நேரம் இருக்கும், ரத்தம் எடுத்தது ஒன்று, ரிப்போர்ட் அடித்தது இன்னொன்று. சில இடங்களில் எடுத்த நேரம் என்று கம்ப்யூட்டரில் பில் போட்ட நேரத்தையே ஏற்றிவிடுவார்கள், வரிசையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் அது தப்பு. ஊசி குத்தும்போதே உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ட்யூபில் எழுதச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அந்த அம்பாசமுத்திரத்துப் பெரியவர் மறுநாள் ஏழரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கோபம் இன்னும் தீரவில்லை. நான் ஊசியை எடுத்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "எட்டுன்னு எழுது" என்றார். 7.52 என்று எழுதினேன். "எட்டு நிமிஷத்துல என்னவே வந்துரப் போகுது" என்று முனகிக்கொண்டே கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.